விரிசலுக்குப் பிறகும் தாங்கிய கான்கிரீட்: ஸ்டெல்லா மேடம் நினைவாக

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா மேடத்தின் தம்பி அழைத்தார். "சார், அக்கா போயிட்டாங்க. தினமும் போற மாதிரி காலையில சர்ச்சுக்குப் புறப்படறப்ப மயங்கி விழுந்தாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." முந்தைய மாலைதான் அடுத்த சோதனையைப் பற்றி மேடம் என்னிடம் மூச்சுவிடாமல் பேசியிருந்தார்.

நாமக்கல் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில், சிவில் துறையில், இருவரும் சேர்ந்து பணியாற்றினோம். மேடம் சேலத்துக்காரர். வகுப்பில் நிதானமானவர், ஆய்வகத்துக்குள் நுழைந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. எவ்வளவு பாரம் தாங்கினாலும் கான்கிரீட் உடையும்போது சொல்லாமல் கொள்ளாமல் சட்டென்று உடைகிறதே, அதை மாற்ற முடியாதா என்பதுதான் அவரை ஆட்டிப்படைத்த கேள்வி.

அதற்காக இரும்பு இழையையும் மெல்லிய பிளாஸ்டிக் இழையையும் ஒன்றாகக் கலக்கத் துணிந்தார். "விரிசல் பொறக்கறப்ப முடி கனம்தான் சார் இருக்கும். அதை மெல்லிசு இழை பிடிச்சுக்கும். மீறிப் பெருசானா இரும்பு பிடிக்கும்" என்றார்.

முதல் கலவையில் இழைகள் சிக்கி உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டன. நான் சோர்ந்துபோனேன். அவரோ ஓர் உருண்டையைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "அவசரத்துல மொத்தமாக் கொட்டிட்டோம் சார்." அளவைக் குறைத்து, மிக்சர் சுழலச் சுழலத் தூவினோம். கலவை வழிக்கு வந்தது.

லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த குப்புசாமி, தளம் போடப் போட உடைந்ததில் அலுத்துப்போனவர். அவரை மேடம் ஆய்வகத்துக்கு அழைத்துவந்தார். இழையில்லாத கான்கிரீட் விட்டம் இயந்திரத்தில் பாரம் ஏறியதும் படீரென்று இரண்டானது. அடுத்து எங்களுடையது. அடியில் ஒரு கோடு ஓடியது.

"விரிசல் உட்டுருச்சுங்களே" என்றார் குப்புசாமி.

"விட்டுச்சுங்க. விழுந்துச்சுங்களா?" என்று கேட்டார் மேடம்.

விழவில்லை. இயந்திரம் அழுத்த அழுத்த அது வளைந்தது. விரிசலுக்குள் இரும்பு இழைகள் இருபுறமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றன. திரையில் அது தாங்கும் பாரத்தைக் காட்டிய கோடு செங்குத்தாகச் சரியாமல் மெல்ல மெல்ல இறங்கியது. "பாருங்க சார், இன்னும் தாங்குது, இன்னும் தாங்குது" என்று மேடம் என் கையைப் பிடித்து உலுக்கினார். வலிமை வேறு, தாக்குப்பிடிப்பது வேறு என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

பட்டறையில் அந்தக் கலவையிலேயே தளம் போட்டோம். சில மாதங்கள் கழித்துக் குப்புசாமி போன் செய்தார். சங்கிலி நழுவி லாரி இன்ஜின் தளத்தின்மேல் விழுந்துவிட்டதாம். ஆளுக்கு அடியில்லை. மேடமும் நானும் உடனே கிளம்பிப் போனோம். அவர் அங்கே தரையில் மண்டியிட்டு விரலால் தடவிப் பார்த்தார். மயிரிழைபோலச் சில கீறல்கள். எங்கும் பெயரவில்லை, பள்ளம் விழவில்லை. எழுந்தவரின் கண்கள் நிறைந்திருந்தன. பட்டறையில் எல்லோருக்கும் அன்று அவர் செலவில் தேநீர்.

நேற்று சேலத்தில் அடக்கம். கல்லறைத் தோட்டத்து வாசலில் தம்பி என்னிடம், "அக்கா லேப்ல என்னதான் சார் பண்ணுவாங்க? வீட்டுல சொன்னா எங்களுக்குப் புரியாது" என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன். இழை, விரிசல், வளைந்து நின்ற விட்டம் என்று சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெட்கி நிறுத்தினேன்.

"நிறுத்தாதீங்க சார்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அக்காவும் இப்படித்தான் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாங்க."

போய் வாருங்கள், மேடம். உங்கள் தம்பியும் நானும் இருட்டும்வரை அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.