மஞ்சள் வைத்த போஸ்டர்

செய்யூர் பக்கத்து ஆராயிக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவன் கண்ணாயிரம். அவனுக்குப் பின்னால் வரிசையாக நான்கு பெண்கள். முதல் பெண்ணைப் பவுஞ்சூரில் கொடுத்தார்கள். அடுத்தவளைச் சூணாம்பேட்டில் கொடுத்தார்கள். மூன்றாமவள் சொந்தத்திலேயே, ஆராயியின் தம்பி மகனுக்கு வாழ்க்கைப்பட்டாள். நான்காவதும் பெண்ணாகப் பிறக்கவே, இதோடு போதும் என்று அம்மனிடம் சொல்லுகிற மாதிரி வேண்டா என்று பேர் வைத்தார்கள். அந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு வேண்டா இருப்பாள், யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. அவள் பிறந்தபோது கண்ணாயிரத்துக்கு மீசை அரும்பியிருந்தது. தூளியைப் பாதி நேரம் ஆட்டியது அவன்தான். அதனாலோ என்னவோ, மற்ற மூன்று தங்கைகளிடம் இல்லாத ஒட்டுதல் அவனுக்கு இவளிடம் இருந்தது.

கண்ணாயிரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். செய்யூரில் கிளம்பி, கூவத்தூர், கல்பாக்கம் வழியாக மாமல்லபுரம் போய்த் திரும்பும் வண்டி. அதில் எந்நேரமும் டேப்பில் பாட்டு ஓடும். ஒருநாள் வேண்டா அந்த வண்டியில் சூணாம்பேட்டு அக்காளுக்குத் துணி வாங்கப் போய்க்கொண்டிருந்தாள். பாதிப் பாட்டில் நாடா சிக்கி டேப் நின்றுவிட்டது. அவள் பாட்டுக்கு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மிச்சப் பாட்டைப் பாடி முடித்தாள். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின் சீட்டில் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். மதுராந்தகத்தில் மெல்லிசைக் குழு வைத்திருந்த சம்பத் அவர்.

"யாருப்பா பாடினது?"

ஏதோ தொந்தரவு என்று நினைத்துக்கொண்டு, "எந்தங்கச்சிதான் சார். வாய மூடச் சொல்றேன்" என்றான் கண்ணாயிரம்.

"மூடச் சொல்லாதப்பா. ஆடி மாசத்துக்கு எனக்கு ஒரு பொண்ணு கொரல் இல்லாம அல்லாடிகினு கீறேன்."

அப்படித்தான் தொண்ணூற்றிரண்டு ஆடியில், கூழ் வார்க்கும் திருவிழாவில், வேண்டா முதன்முதலில் மேடை ஏறினாள். அதற்கு அடித்த போஸ்டரில் அவள் படம் வந்தது. கல்பாக்கம் ஸ்டுடியோவில் இரவல் கல் தோடு போட்டுக்கொண்டு எடுத்த படம். சிவப்பு மையில் அவள் முகம், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் அவள் பேர். ஆராயி அதைப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, ரேசன் கார்டுல கூட உம்பேரு இவ்ளோ பெருசா இல்ல" என்றாள்.

அச்சாபீசிலிருந்து போஸ்டர் கட்டு வந்ததும், முதல் தாளை எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்து வைத்து அம்மன் காலடியில் போடுவது அங்கே வழக்கம். கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வது போலத்தான். மற்றதெல்லாம் சுவருக்குப் போனது. கண்ணாயிரம் தனக்கு ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கட்டின் மேல் கை வைத்தான். ஆராயி கையைத் தட்டிவிட்டாள்.

"பாட்டு முடிஞ்சி ஜனங்க எழுந்து போற வரைக்கும் போஸ்டர்ல கை வெக்காத. முன்னாடி எடுத்தா பாடறவளுக்குத் தொண்ட கட்டிக்கும்."

அவனும் சரி என்று விட்டுவிட்டான். நாளைக்கு ஒன்று உரித்துக்கொண்டால் போகிறது.

அன்று ராத்திரி மூன்றாவது பாட்டில் மழை பிடித்துக்கொண்டது. மேடைப் பந்தல் சரிந்தது. சம்பத் கீபோர்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடினார். கச்சேரி அதோடு நின்றுபோனது. விடிந்து பார்த்தால் சுவரெல்லாம் வெறும் சுவர். மைதாப் பசை ஊறி, தாள்கள் வழுக்கித் தரையில் விழுந்து, மாடுகள் தின்றுகொண்டிருந்தன. பசை ருசிக்கு மாடு போஸ்டரை விடாது. கண்ணாயிரம் கோயிலுக்கு ஓடினான். அம்மன் காலடியில் நனைந்த மாலைகள்தான் கிடந்தன. மஞ்சள் வைத்த போஸ்டரை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். யாரென்று பூசாரிக்கும் தெரியவில்லை.

யாரோ எடுத்தார்கள் என்பதுதான் அவனை விடவில்லை. மாடு தின்றிருந்தால் மறந்திருப்பான். யாரிடமோ இருக்கிறது என்ற நினைப்பு மனசில் முள்ளாக நின்றுவிட்டது.

வேண்டா மூன்று வருஷம் பாடினாள். ஆனால் அடுத்தடுத்த போஸ்டர்களில் அவள் படம் வரவில்லை. டவுனிலிருந்து கூலிக்கு வந்த பாடகிகளின் படம் வந்தது. இவள் "மற்றும் பலர்" என்ற கடைசி வரிக்குள் போய்விட்டாள். ஆனாலும் கண்ணாயிரம் எல்லாவற்றையும் உரித்து வந்தான். பிறகு தங்கை பாடாத கச்சேரி போஸ்டர்களையும் எடுக்க ஆரம்பித்தான். படிக்கட்டில் நின்று டிக்கெட் கொடுக்கும்போதே கண் சுவரில் இருக்கும். கச்சேரி முடிந்த மறுநாள் ஓய்வு நேரத்தில் சாக்கை நனைத்துக்கொண்டு போய்ச் சுவரில் ஒத்தி எடுப்பான். பசை இளகும் வரை காத்திருந்து, கீழ் மூலையிலிருந்து மெதுவாக உரிப்பான். நிழலில் காயவைத்து வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் அடுக்குவான். "பொடவ வெக்கற பொட்டில போஸ்டர் வெச்சிகினு கீது எங்க வூட்டு மனுசன்" என்று அவன் பெண்டாட்டி தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பொழப்பில் அவனுக்கு ஒரே ஒரு சட்டம். பாட்டு முடியாமல் கை வைக்கமாட்டான்.

தொண்ணூற்றைந்தில் வேண்டாவை முட்டுக்காட்டில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை துரை படகுத் துறையில் படகு ஓட்டுகிறவன், தங்கமான பிள்ளை. அவன் அம்மா ஞானம்பாள்தான் நிச்சயத்தன்றே சொல்லிவிட்டாள். "பாட்டெல்லாம் அங்கியே வெச்சிட்டு வரச் சொல்லுங்க. எங்க வூட்ல மேடையேறின பொம்பள யாருமில்ல." வேண்டா அங்கேயே வைத்துவிட்டுத்தான் போனாள். சுஜாதா பிறந்தாள். வேண்டா சமையலறையில் கூட முணுமுணுப்பதில்லை என்று கேள்வி.

இதற்கிடையில் சரவணகுமார் கதை ஒன்று இருக்கிறது. அவன் அதே வண்டியில் எதிர் ஷிப்டு கண்டக்டர். கண்ணாயிரத்தோடு ஒரே கிளாசில் டீ குடித்தவன். வேலையை விட்டுவிட்டு மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் தெருவில் கடை போட்டான். முதலில் மாக்கல் யானை, பிள்ளையார் விற்றான். யாரோ ஒரு வெள்ளைக்காரி சுவரிலிருந்த கச்சேரி போஸ்டரைக் காட்டி அது வேண்டும் என்று கேட்டாளாம். அன்றிலிருந்து போஸ்டருக்கு இறங்கிவிட்டான். ஈசிஆர் சாலை ஓட்டல்காரர்களும் கிராமத்துக் களை வேண்டும் என்று வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். மதுராந்தகத்தில் மூடிப்போன அச்சாபீசு ஒன்றிலிருந்து, போஸ்டரில் முகம் அச்சடிக்க மரக்கட்டையில் அறைந்த பழைய உலோகப் பிளாக்குகளைக்கூட மூட்டையாக வாங்கிக் கடை மூலையில் போட்டிருந்தான். காகிதம் பறக்காமல் வைக்க வெள்ளைக்காரர்கள் அதையும் வாங்கினார்கள்.

அவன் வந்த பிறகு கண்ணாயிரத்துக்குச் சுவரில் ஒன்றும் மிஞ்சவில்லை. சரவணகுமார் சுவர் வரைக்கும் வருவதே இல்லை. ஒட்டுகிற ஆட்களைப் பிடித்துக் கட்டோடு வாங்கிவிடுவான். ஊருக்கு நாலு தாள் பேருக்கு ஒட்டுவார்கள். கடப்பாக்கத்தில் ஒரு கச்சேரிக்கு முன் வரிசை நாற்காலி கூட நிறையவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, கண்ணாயிரத்துக்குத் தெரிந்தது.

கடைக்குப் போய்க் கேட்டான். "ஏண்டா, ஜனத்துக்குத் தெரியத்தான போஸ்டர் அடிக்கறாங்க. நீ முன்னாடியே வாரிகினு வந்தா எப்படிடா?"

"நீ சுவத்துலேர்ந்து எடுக்கற, நான் சுவத்துக்குப் போறதுக்கு முன்ன எடுக்கறேன். இன்னா பெரிய வித்தியாசம் அண்ணாத்த? நீ பொட்டில பூட்டி வெக்கற. எங்கிட்ட இருந்தா நாலு பேராச்சும் பாக்கறான்."

கண்ணாயிரம் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டான். அதன் பிறகு சுவரைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டான். வயசும் ஆகிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் நின்று நின்று முழங்கால் வீங்கிப்போயிருந்தது.

இரண்டாயிரத்து மூன்று பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனபோது வேண்டா அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"டிவில பாட்டுப் போட்டி பாத்துகினு இருந்தோம்ணா. நானும் மேடைல பாடினவதான்னேன். சுஜாதா வுழுந்து வுழுந்து சிரிக்கறா. எங்க மாமியாகிட்ட கேட்டா, எனக்கு இன்னா தெரியும்ன்றாங்க. எம் படம் போட்டு ஒண்ணு வந்துச்சே, அது உங்கிட்ட கீதா?"

"இல்லம்மா."

"எல்லாம் வெச்சிகினு கீறே. அது மட்டும் இல்லியா?"

அவள் குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் கேட்டாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. மறுநாளே வெட்கத்தை விட்டுச் சரவணகுமாரிடம் போய்ச் சொன்னான். தொண்ணூற்றிரண்டு ஆடி, சிவப்பு மை, கல் தோடு, நாலு மூலையில் மஞ்சள் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

மாசி பிறந்ததும் சரவணகுமார் ஆளனுப்பினான். பிளாஸ்டிக் உறையில் சுருட்டி வைத்திருந்ததை விரித்தான். வேண்டா சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு மூலையிலும் மஞ்சள்.

"எங்கடா கெடைச்சிது?"

"அதெல்லாம் கேக்காத. தொழில் ரகசியம்."

"எவ்ளோ?"

"டப்பு வேணாம் அண்ணாத்த. உங்கிட்ட போய் வாங்குவனா? அந்தத் தகரப் பொட்டியக் குடுத்துரு."

பத்து வருஷம் உரித்த பெட்டி. கண்ணாயிரம் தாளைப் பார்த்தான். தாளைச் சரியாகப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தான். மறுநாள் பெட்டியைப் பஸ் கூரையில் ஏற்றினான். டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, யாருக்கு சீரு?" என்றார். "தங்கச்சிக்கு" என்றான். பெட்டியைக் கடையில் இறக்கிவிட்டு, போஸ்டரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டுக்காட்டுக்கு வேறு பஸ் ஏறினான்.

ஞானம்பாள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். "வாப்பா" என்றாள், நிமிரவில்லை. சுஜாதா பள்ளிக்கூடம் போயிருந்தாள். வேண்டா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். விரித்தாள். படத்திலிருந்த கல் தோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தாளை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏண்ணா, மஞ்ச வாசன இன்னும் அடிக்குதே."

கண்ணாயிரம் வாங்கி முகர்ந்து பார்த்தான். நேற்று அரைத்த மஞ்சள் போல மணத்தது. தாளை மடித்துப் பார்த்தான். பத்து வருஷத் தாள் மடிப்பில் அப்பளமாய் நொறுங்கும். இது துணி போல வளைந்தது. திருப்பினான். பின்புறம் பளிச்சென்று இருந்தது. கடை மூலையில் கிடந்த பிளாக் மூட்டை அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. மதுராந்தகம் அச்சாபீசு. சம்பத் எப்போதும் போஸ்டர் அடித்த இடம் அதுதான்.

சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டான்.

"உன் பழைய பிளாக்க வெச்சிப் புதுசா அடிச்சிருக்கான். மஞ்சளும் அவனே தடவிகினான்."

"அப்ப படம் என்துதான?"

"படம் உன்துதான். போஸ்டர்தான் அது இல்ல."

"எத்தினி அடிச்சிருப்பான்?"

"யாரு கண்டா. ஈசிஆர்ல இருக்கற ஓட்டல் அத்தினிலயும் நீ சிரிச்சிகினு இருப்ப."

வேண்டாவுக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள். "பொட்டியத் திருப்பிக் கேளேன்."

"குடுக்கமாட்டான். இந்நேரம் ஓட்டல்காரன் வண்டில ஏத்திகினு போயிருப்பான். கேட்டுப் போராடற தெம்பும் எனக்கில்லம்மா."

தாளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தான். அவள் உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். காப்பி போடுகிறாள் என்று நினைத்தான். மைதாவைக் கரைத்து ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற?"

"போஸ்டர்னா ஒட்டத்தான?"

கூடத்தில் டிவிக்கு மேலே இருந்த சுவரைக் காட்டினாள். அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் ஏறினான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ சுவரில் உரித்திருக்கிறான். ஒரு சுவரில் கூட ஒட்டியதில்லை. எந்தப் பக்கம் முதலில் வைப்பது என்றே தெரியவில்லை. வேண்டா பசை தடவிக் கொடுக்க, மேல் மூலைகளை அழுத்திப் பிடித்தான். நடுவில் காற்று உப்பி நின்றது.

வாசலில் கடலை உரிக்கும் சத்தம் நின்றது. ஞானம்பாள் முறத்தோடு வந்து நின்றாள். வேண்டாவின் கையில் பசைக் கிண்ணம் அப்படியே நின்றது. கிழவி போஸ்டரைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மறுபடி போஸ்டரைப் பார்த்தாள். பேரை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வலது பக்கம் எறங்கிகினு கீதுப்பா. ஏத்திப் புடி" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

ஏற்றிப் பிடித்து, உள்ளங்கையால் நீவி ஒட்டினான். இறங்கும்போது முழங்கால் விண்ணென்று தெறித்தது. வேண்டா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பழக்க தோசத்துல ஒரு நா சாக்க நனச்சிகினு வந்து நிக்காதண்ணா."

"வரமாட்டேன். அன்னிக்கி மூணாவது பாட்டுல நின்னுச்சில்ல. கச்சேரி முடியாம நான் எடுக்கறதில்ல" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினான். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் அந்தக் காலோடு மெதுவாகத்தான் நடக்கவேண்டும்.