சாணி வரியை வெட்டச் சொன்னார்கள்

தேர்வாய் கண்டிகையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள் விக்டோரியா. அவள் தாத்தா ஆசீர்வாதம் பண்ணையில் மாட்டுக் கொட்டகை கூட்டியவர். இயேசு தொழுவத்தில் பிறந்தார் என்று கோயிலில் கேட்ட அன்றைக்கு, "அப்போ அந்த எடத்தையும் நம்மள மாதிரி ஒருத்தன்தான் கூட்டியிருப்பான்" என்றாராம். அப்படிப் பிறந்தது அவர் கட்டிய பாட்டு. சாணி வாரிய கையாலேயே ஒருவன் குழந்தையை வாங்கிக்கொள்ளும் வரி வந்தால், எழுபது வருஷமாக ஊரே கை தட்டும். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கேரல்ஸ் பாடிப் போகும்போது இந்து வீடுகளிலும் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

போன வருஷம் கம்பெனியின் கிறிஸ்துமஸ் விழாவில் அதை அவளைப் பாடச் சொன்னார்கள். முதல் நாள் எச்.ஆர். வசந்தகுமார் அவளைப் பெண்கள் கழிவறைப் பக்கம் பார்த்து நிறுத்தினார்.

"சாணி வரிய மட்டும் வெட்டிடும்மா. எம்.டி. ஃபேமிலியோட வர்றாரு. கேக் வெட்டற எடத்துல அசிங்கமா இருக்கும்."

கழிவறையில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. கழிவு வாசல்வரை வழிந்து, ஈ மொய்த்தது. பேசிக்கொண்டே அவர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தினார்.

"இங்க நின்னுகினு பாட்ட அசிங்கம்னு சொல்றீங்களே சார்!"

"அது மெயின்டனன்ஸ். நான் வேற டிபார்ட்மென்ட்."

அருவருப்பில் விக்டோரியாவுக்கு வாயில் எச்சில் ஊறியது. துப்பாமல் விழுங்கினாள்.

மறுநாள் கேன்டீனில் பஞ்சுப் பனி, ரோஜா ஸ்பிரே. வெட்டச் சொன்ன வரிக்குக் கீபோர்டு சட்டென்று நின்றது. அவள் நிறுத்தவில்லை. கூட வேலை பார்க்கும் பக்கத்துத் தெரு ஜோதிலட்சுமி முதலில் கை தட்டினாள். பிறகு பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும். எம்.டி.யின் மனைவி டிஷ்யூவை மூக்கில் வைத்துக்கொண்டாள். அங்கே ரோஜா வாசனை தவிர ஒன்றுமில்லை. விக்டோரியா அதைப் பார்த்தாள். கையில் கொடுத்த கேக்கை மேஜையிலேயே வைத்துவிட்டாள்.

"சொன்னா கேக்க மாட்டியா?" என்றார் வசந்தகுமார்.

"அந்த வரிய வுட்டுட்டுப் பாடிருந்தா வாந்தி எடுத்திருப்பேன் சார்."

பொங்கல் கழிந்து அவளை லாரியில் பெட்டி ஏற்றும் லோடிங்குக்கு மாற்றினார்கள். வெளிநாட்டு ஆடிட் வருகிறது என்றதும் கழிவறைக்கு ஒரே நாளில் புதுக் குழாய் வந்தது. அதைச் சொல்லும்போது இன்றும் அவள் முகம் சுளிக்கிறது.

இந்த டிசம்பரில் அவளை யாரும் பாடக் கூப்பிடவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜோதிலட்சுமிதான் தாத்தா பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள். டிரைவர் குப்புராஜ் ரேடியோவை அணைத்தார்.