மாவுக்குள் வைத்த புத்தர்

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், பார்க்டேலில் எங்கள் அப்பார்ட்மென்டின் ஓர் அறையை ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். என்னோடு ஹோட்டல் லாண்டரியில் வேலை செய்தவள், ஐம்பது தாண்டியவள். சீனத்தி என்று நினைத்தேன். ரஷ்ய மொழி பேசினாள். தான் புரியாத் இனம், ஊர் சைபீரியாவில் பைக்கால் ஏரிப் பக்கம் என்றாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ரஷ்யாவிலும் புத்த சமயத்தவர் உண்டென்று எனக்கு யார் சொல்லித் தந்தது?

வந்த வாரமே என்னிடம் கேட்டுவிட்டு, கூடத்து அலுமாரிக்கு மேல், எங்கள் முருகன் படத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கையளவு பித்தளைப் புத்தரை வைத்தாள். கழுத்தில் நீலப் பட்டுத் துண்டு. காலையில் உப்புப் போட்ட பால்தேநீர் காய்ச்சி, முதல் வார்ப்பை அவர் முன் வைத்த பிறகுதான் எனக்குத் தருவாள், இரண்டு கையாலும். எனக்கு அது தொண்டையில் இறங்காது. குடித்தேன்.

ஒரு ஞாயிறு என் கணவரின் ஊர்க்காரர் வந்தார். அவருடைய தம்பியை இலங்கையில் ஆமி பிடித்துப்போய் ஆறு வருடம். காம்ப் போட்ட இடமெல்லாம் ஒரு புத்தரையும் வைத்த ஆமி. அலுமாரியைப் பார்த்துச் சிரித்தார்.

"உதென்ன தங்கச்சி, உவர் இஞ்சையும் காம்ப் போட்டிட்டாரோ?"

"அது அந்த மனிசியின்ர, அண்ணை. ரஷ்யாக்காரி."

"ஆற்றையெண்டால் என்ன? எங்கட சனம் இனி உள்ளுக்கு வருமே?"

தேத்தண்ணியைத் தொடாமல் போனார்.

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சனம் வராமல் விட்டால்? கோயிலில் கதைத்தால்? மறுநாள், புத்தரை அறைக்குள் வைக்க முடியுமா என்று அரைகுறை இங்கிலிஷில் அவளிடம் கேட்டேன். ஏன் என்று கேட்டால் எங்கள் நாட்டுக் கதையை எப்படிச் சொல்வதென்று பயந்துகொண்டிருந்தேன். அவள் குரலைத் தாழ்த்தி வேறொன்று கேட்டாள்.

"யாராவது வந்து விசாரித்தார்களா?"

ஆமென்று தலையை ஆட்டினேன். ஊர்க்காரரை நினைத்துத்தான் ஆட்டினேன் என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். அவள் அரசாங்க ஆட்களைத்தான் கேட்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

உடனே கதிரையில் ஏறிப் புத்தரை எடுத்தாள். நீலத் துண்டால் சுற்றி, தன் மா வாளிக்குள் புதைத்து, மேலே மாவைத் தடவிச் சமப்படுத்தினாள். அம்மாவின் தமையன் லாமாவாம், புத்த பிக்கு. இவள் பிறக்குமுன்பே கோயிலை மூடி அவரைக் கொண்டுபோன அரசாங்க ஆட்கள் திருப்பி அனுப்பவில்லையாம். இந்தப் புத்தரை அம்மா இப்படித்தான் காப்பாற்றினாராம்.

"கனடாவிலும் பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை," என்றாள். பிறகு முருகனைக் காட்டினாள். "உங்களுடையதையும் எடுங்கள். ஒருவருடையதோடு நிறுத்த மாட்டார்கள்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் முருகனை ஆணியிலிருந்து கழற்றி அவளிடம் கொடுத்தேன். அவள் பேப்பரில் சுற்றி என் உடுப்புகளுக்கு அடியில் வைத்தாள்.

பின்னேரம் கணவர் வந்ததும் வராததுமாக, வெறும் ஆணியைக் காட்டி, "எங்கையப்பா முருகன்?" என்றார்.

"தூசி. துடைக்கக் கழட்டினனான்."

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், கணவருக்கும் சொல்லாமல் நான் நன்றாக மறைக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தாள்.