கரடி வீட்டுச் சண்டைகள்

போன வாரம் என் மனைவி பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். திறந்ததும் அந்துருண்டை வாசனை கூடமெல்லாம் பரவியது. மகளுக்குச் சென்னையில் வேலை. சமைத்துப்போட அம்மாவும் கூடப் போகிறாளாம். எப்போது திரும்புவாய் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு ஒற்றுமையான தம்பதி நாங்கள்.

மகள் சோபாவில் படுத்தபடி போனில் கார்ட்டூன் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பாதி கண்ணாக இருக்கும் ஒரு பையன், அதேபோல் ஒரு பெண். கையைப் பிடிப்பதா வேண்டாமா என்று பல வாரமாக வேர்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"லவ்வ இந்த மாதிரி எந்த சினிமாலயும் காட்டமாட்டாங்க நைனா. மனசுல இருக்கறத சொல்ல எவ்ளோ கஷ்டப்படறான் பாரு."

"பல வாரந்தானே? வேகமாத்தான் போய்கினு இருக்கான்."

அவள் சிரித்தாள். புடவை மடித்துக்கொண்டிருந்தவள் சிரிக்கவில்லை.

அந்துருண்டை என்றால் எனக்குப் பழைய டிவிதான் ஞாபகம் வரும். கதவு வைத்த மரப்பெட்டிக்குள் இருந்தது அது. பூச்சி வருமென்று என் அம்மா அதற்குள்ளும் அந்துருண்டை போட்டுவைப்பார். மலையடிவாரத்தில் சின்ன வீடு. அதில் அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள், நாங்கள், குழந்தை. பெண்டாட்டியிடம் நேராக ஒரு வார்த்தை பேசினால் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மைக் பிடித்த மாதிரி இருக்கும்.

சாயங்காலம் நான் அரக்கோணம் ஆபீசிலிருந்து திரும்பும் நேரம், குழந்தைக்காகத் தமிழ் பேசும் கரடித் தொடர் ஒன்று ஓடும். புருஷன் கரடி தினமும் எதையாவது மறக்கும். பெண்டாட்டிக் கரடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பாலம் வரை போகும். புருஷன் கரடி மூச்சிரைக்க ஓடிப்போய், பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கூட்டி வரும். அவ்வளவுதான் கதை. எங்கள் குடித்தனம் முழுக்க அந்தக் கரடிகளின் தலையில்தான் நடந்தது.

"ஊர்ல எல்லார் கிட்டயும் சிரிச்சி பேசறான் இந்தக் கரடி. வூட்ல இருக்கறவ சாப்ட்டாளான்னு கேக்கறானா பாரு," என்பாள் மனைவி, குழந்தையிடம்.

"வேலைக்குப் போய்ட்டு வருதும்மா, களைப்பா இருக்காதா?" என்பேன், நானும் குழந்தையிடம்.

"ஆங், அரக்கோணம் ஆபீசுல மூட்ட தூக்கிட்டு வருது."

அப்பா பேப்பரை இறக்கினார். "கரடி எப்போ அரக்கோணத்துல வேலைக்கி சேந்துது?"

மறுநாள் நான் குழந்தையிடம் சொல்வேன்: "அம்மா சாப்ட்டாளான்னு கேளு." சண்டை முடிந்துவிடும்.

பிறகு அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள், தம்பிகள் தனித்தனி வீடு பார்த்துக்கொண்டார்கள், கரடித் தொடர் எப்போது நின்றது என்றே தெரியவில்லை. வாய்விட்டுப் பேச வீடு கிடைத்தபோது யாரைச் சாக்கிட்டுப் பேசுவது என்று புரியவில்லை. அந்தக் கரடித் தொடர் காதலைப் பற்றிச் சொன்னதில் பொய்யில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்தக் கரடிகளுக்கு வயதே ஆகவில்லை.

இன்று காலை ஸ்டேஷனில் மூவரும் நின்றிருந்தோம். பெட்டி என் கையில். மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகளிடம் கேட்டாள்:

"ஏம்மா, அந்தக் கரடி ஞாபகம் இருக்குதா உனக்கு?"

"எந்தக் கரடிம்மா?" போனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள் மகள்.

எனக்கு ஞாபகம் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. "அம்மாவ ஜன்னலோரம் உக்கார வை," என்றேன் மகளிடம். பெட்டியைத் தூக்கிப் பத்திரமாக உள்ளே வைத்தவன் நான்தான்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனைகூட இல்லை.