பானை பங்களாவில் கான் வெட்டியவர்

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். மழை இல்லை. கீழே பூண்டுலோயாப் பக்கம் மூடுபனி. மேலே வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கள் பழைய தோட்டத்து மலையுச்சியில், ஒரு புதுப் பலகைக்கு முன்னால், நானூற்றுப் பன்னிரண்டு படி ஏறிய மூச்சிரைப்போடு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் பூமணி. அறுபத்தாறு வயது. இந்தத் தோட்டத்திலேயே கொழுந்து பறித்து ஓய்ந்தவள், இன்னும் கீழே லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறாள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அலங்கார எழுத்தென்றால் தடுமாறும். அதனால் தோட்டத்துப் பழைய கிளாக்கரான என்னைக் கூட்டிப் போயிருந்தாள்.

"அப்பா பேரு எங்கன இருக்கு கிளாக்கரையா?"

நான் தமிழில் வாசித்தேன். பிறகு சிங்களத்தில், பிறகு இங்கிலீசில். தோட்டத்தை நடத்திய துரையின் பெயர் ஏழு தடவை வந்தது. துரையின் நாயின் பெயர் ஒரு தடவை. அவள் அப்பா முத்துவீரன் பெயர் மூன்று மொழியிலும் இல்லை. சொன்னேன்.

"நாய்க்குப் பேரு இருக்கா?"

"இருக்கும்மா."

"நாயா வெள்ளி பாத்துச்சு?"

வெள்ளி என்றால் எங்கள் பக்கம் நட்சத்திரம். பலகையில் பெயின்ட் இன்னும் காயவில்லை. அந்த வாசனை எனக்கு அந்தக் காலத்திலேயே பழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை, பெரிய மழைக்கு முன்னால், இதே இடத்தில் இதே வாசனை வரும். பானை பங்களாவுக்கு வெள்ளை அடிப்பார்கள். முத்துவீரன் அரைக்கை பனியனில் வெள்ளைப் பொட்டுகளோடு அலுவலகத்துக்கு வந்து, பெயின்ட் டின் எத்தனை தீர்ந்தது என்று கணக்குச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். எழுதுவதுதான் என் வேலை. அதில்தான் இந்த வினையே வந்தது.

பானை பங்களா என்றால் பங்களா இல்லை. தகரத்தால் செய்த ஒரு குவிந்த கூரை, கவிழ்த்து வைத்த பானை மாதிரி. உள்ளே ஐந்து அங்குலத் தொலைநோக்கி. கூரையைக் கயிறு பிடித்து இழுத்தால் சுற்றும். அதில் ஒரு திறப்பு உண்டு, வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம். முதலில் கட்டியவர் யாரோ பழைய துரை. கிரகணம் பார்ப்பதற்காகக் கட்டி, கிரகணத்தன்று மழை பெய்து, வெறுத்துப்போய் விட்டுவிட்டாராம். பிறகு பல வருஷம் அதில் உரமூட்டை இருந்தது. கடைசியாக வந்தவர்தான் பலகையில் ஏழு தடவை வருகிறவர். ஜனங்கள் அவருக்கு வெள்ளித் துரை என்று பெயர் வைத்திருந்தார்கள். மூட்டைகளை வெளியே போட்டுவிட்டுத் தொலைநோக்கியைத் துடைத்தவர் அவர். துடைத்தவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். துடைத்தது முத்துவீரன்.

பலகை மூன்று கண்டுபிடிப்புச் சொல்கிறது. ஒன்றாவது, வால்வெள்ளி. சுத்தப் புளுகு! அந்த வால்வெள்ளியைத் துரை பார்ப்பதற்குப் பதினொரு நாள் முன்பே, விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, வந்த பெண்கள் எல்லோரும் வெறுங்கண்ணால் பார்த்துவிட்டார்கள். விளக்கமாற்று வெள்ளி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். துரை அந்தப் பதினொரு நாளும் காய்ச்சலில் படுத்திருந்தார். இரண்டாவது, சூரியனில் உள்ள புள்ளிகளை எண்ணியது. அதைக் கண்டுபிடிப்பு என்று சொன்னால், நான் படி எண்ணியதும் கண்டுபிடிப்புத்தான். மூன்றாவதுதான் உண்மையான கண்டுபிடிப்பு. அதுதான் துரையுடையது இல்லை.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வானத்தில் சில வெள்ளிகள் ஒரே மாதிரி எரியாது, கூடும், குறையும். எவ்வளவு கூடியது என்று அறிய, பக்கத்திலேயே மாறாமல் எரியும் வேறொரு வெள்ளியை அளவுக்கு வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். துரைக்குக் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது. அதனால் பார்ப்பது முத்துவீரன், எழுதுவது துரை. "இதுக்கு அது மூணு பங்கு கொறைச்சல் தொர" என்பார் இவர், துரை எழுதிக்கொள்வார். தெற்கே ஒரு வெள்ளியை இப்படி நான்கு வருஷம் பார்த்தார்கள். கணக்கு ஒழுங்குக்கு வரவே இல்லை. துரை, "நீ குடித்துவிட்டுப் பார்க்கிறாய்" என்று திட்டுவார். முத்துவீரன் வெற்றிலைகூடப் போடமாட்டார். குடித்தது யார் என்று காலிப் போத்தல் எண்ணிய எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை, அலுவலக வராந்தாவில் நான் இருக்கும்போதே, முத்துவீரன் துரையிடம் சொன்னார்.

"தொர, நம்ம பாக்குற வெள்ளி மேல குத்தம் இல்ல. அளவுக்கு வச்சிருக்கோமே, அதுதான் ஆடுது."

"அது மாறாத வெள்ளி என்று புத்தகத்தில் இருக்கிறது" என்றார் துரை.

"இருக்கும் தொர. கொழுந்து நெறுவையிலயும் இதே கததான். கொழுந்து கொறைஞ்சுபோச்சுன்னு பொம்பளைங்கள வைவாங்க. கடைசில பாத்தா தராசு கோளாறா இருக்கும். இதையும் ஒருக்கா நிறுத்துப் பாத்துருவமே."

துரை முகம் சிவந்து உள்ளே போய்விட்டார். தராசு கோளாறு என்று ஒரு தொழிலாளி சொன்னால் எந்தத் துரைக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அந்த மனுசரிடம் ஒரு நேர்மை இருந்தது, மறைக்கக் கூடாது. வானம் திறந்த நாற்பத்தொரு இரவு அந்த அளவு வெள்ளியையே வேறு இரண்டோடு வைத்துப் பார்க்கச் செய்தார். ஆடியது. அட்டவணையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒப்புக்கொண்டு அச்சிலும் வந்தது. அட்டவணையை டைப் அடித்தது நான். பதினான்கு பக்கம். முத்துவீரன் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வேலை நிரந்தரமாகி ஒரு மாதம்.

பூமணியோடு நேரே ஹோட்டலுக்குள் போனேன். மலையுச்சியை இப்போது யாரோ ஹோட்டல்காரர்கள் எடுத்திருக்கிறார்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருஷமே தகரக் கூரை மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டது. தொலைநோக்கியைத் துரை மூன்று பெட்டியில் அடைத்துக் கொண்டுபோய்விட்டார். இவர்கள் பிளாஸ்டிக்கில் ஒரு பானை செய்து வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, ஒரு ஊஞ்சல் தவிர.

மனேஜர் ஹட்டன் ஊர்ப் பையன். முப்பது வயதிருக்காது. கழுத்துப்பட்டி. மரியாதையான பிள்ளைதான்.

"அங்கிள், உங்க கோபம் வெளங்குது. ஆனா போர்டுல ஒரு பேரு போடணும்னா டாக்கியுமென்ட் வேணும். கொழும்புல கேப்பாங்க."

"நான் இருக்கிறேனே. கண்ணால் பார்த்தவன்."

"அது போதாது அங்கிள். நில்லுங்க, பழைய செக்ரோல் எல்லாம் நாங்க வச்சிருக்கோம்."

செக்ரோல் என்றால் யார் எந்த நாளில் என்ன வேலை செய்தார்கள் என்று எழுதும் புத்தகம். தேநீர் அறையில், பழைய கொழுந்துத் தராசுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அழகுக்கு அடுக்கியிருந்தார்கள். அவன் ஒன்றை எடுத்துப் புரட்டினான். உடனே கிடைத்துவிட்டது. முத்துவீரன். ஒன்றாம் தேதி, கான் வெட்டு, அதாவது வடிகால் தோண்டுவது. இரண்டாம் தேதி, கான் வெட்டு. மாதம் முழுவதும். அடுத்த மாதமும். மணிமணியான எழுத்து. என்னுடையது.

"அங்கிள், இவர் கான் வெட்டுன ஆளுன்னுல்ல போட்டிருக்கு."

"அது சரியில்லை தம்பி. அப்படி எழுதியது நான்தான்."

"அப்ப பொய்யா எழுதுனீங்களா?"

அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதுதான் இன்னும் மோசம்.

நடந்தது இதுதான். செக்ரோலில் பெயருக்கு நேரே ஒரு வேலை இருக்க வேண்டும்: கொழுந்து, கவ்வாத்து, புல்லுவெட்டு, கான், ஃபெக்டரி. இரவெல்லாம் கண்விழித்துவிட்டு விடியற்காலைப் பெரட்டில் சிவந்த கண்ணோடு நிற்கும் மனுசனுக்கு என்ன போடுவது? பெரிய கிளாக்கரிடம் கேட்டேன். "வெள்ளிக்கு ஏக்கர் இருக்கா? இல்லேன்னா செக்ரோல்ல அதுக்குக் கட்டம் இல்ல. எதையாவது போடுப்பா" என்றார். நான் யோசித்து, யாரும் அளந்து பார்க்காத வேலையாகக் கானைப் போட்டேன். மலையுச்சிக் கானை வேலையை மேற்பார்க்கும் எந்தக் கண்டாக்கையா ஏறிவந்து அளக்கப் போகிறார்? அப்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், நாற்பது ஏக்கர் மலையில் முத்துவீரன் மட்டும் பதினொரு மைல் கான் வெட்டியிருந்தார். கம்பெனி ஆள் பரிசோதனைக்கு வந்த அன்று எனக்கு மூன்று தடவை வயிற்றுப்போக்கு. இதைச் சிரிப்புக் கதையாக எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன்! முத்துவீரன் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். அவரும் சிரித்தார். "வெள்ளிக்குக் கான் வெட்டுறேன்னு போட்டுக்கங்க ஐயா" என்றார்.

பூமணி புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். அச்சுப்போல எழுதியிருந்ததால் அதை மட்டும் அவளால் வாசிக்க முடிந்தது.

"வாங்க கிளாக்கரையா, போவோம். கான் வெட்டுனவராவே இருந்துட்டுப் போறாரு. அதுவும் வேலதானே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முத்துவீரன், தோட்டத்து ஜனங்களை அனுப்பிய இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் பெண்சாதியோடும் சின்னப் பிள்ளைகளோடும் இந்தியா போனவர். இங்கே கட்டிக்கொடுத்ததால் பூமணி மட்டும் நின்றுவிட்டாள். கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலிருந்து யாரையோ கொண்டு எழுதுவித்த அவருடைய கடைசிக் கடிதத்தை அவளுக்கு வாசித்ததும் நான்தான். "நம்ம வெள்ளி இங்கயும் தெரியுது, ரெண்டு வெரக்கட கீழ தெரியுது" என்று இருந்தது. வடக்கே போனால் தென்வெள்ளி இறங்கும். எவ்வளவு இறங்கும் என்று விரலால் அளந்திருக்கிறார். அவரை நான் கானுக்குள் இறக்கிவிட்டிருக்கிறேன்.

முப்பத்து நான்கு வருஷம் எழுதினேன். ஒரு பிழை இல்லாத கிளாக்கர் என்று சபையில் மாலை போட்டு அனுப்பினார்கள். அந்த ஒன்றைத்தான் நான் சொத்து என்று வைத்திருந்தேன். அடுத்த புதன்கிழமை ஹட்டனுக்குப் போய், சமாதான நீதவான் ஒருவர் முன்னால், அந்தச் செக்ரோலில் நான் தெரிந்தே பொய் எழுதினேன் என்று சத்தியக் கடதாசி கொடுத்தேன். அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"இந்த வயசுல இது தேவையா? ஒரு தடவை தவறிப்போச்சுன்னு எழுதுவோமா?"

"ஒரு தடவை இல்லைங்க. ஆறு வருஷத்தில் ஆயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்று நாள். என் நாட்குறிப்பை வைத்து எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன்."

அந்த எண்ணையே போடச் சொன்னேன். போட்டார்.

மனேஜர் பையன் அதைக் கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்பினான், பதில் வந்தது. பெரிய பலகையை மாற்ற முடியாதாம். சின்னதாக வேறொன்று, என் செலவில் வைக்கலாமாம், இரண்டடிக்கு ஓரடி, அதுவும் கழிவறைக்குப் போகும் வழியில். நான் கத்தினேன். மனேஜர் பையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

பூமணி மட்டும் அசரவில்லை. "பரவால்ல கிளாக்கரையா. அது எல்லாரும் போயே தீர வேண்டிய வழி" என்றாள்.

பூண்டுலோயாவில் பலகை எழுதும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், அவரிடம் வாசகத்தைக் கொடுத்தேன். 'அளவுக்கு வைத்த வெள்ளியே மாறுகிறது என்று முதலில் கண்டு சொன்னவர் முத்துவீரன். இந்த மலையில் அவர் ஒரு கான்கூட வெட்டவில்லை.'

"ரெண்டாவது வரி என்னத்துக்கு சேர்? எழுத்துக் கூடினா காசும் கூடுமே."

"அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள் நானா."

பலகை ஏறிவிட்டது. பூமணி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து அவளே வாசித்தாள். நான் உதவவில்லை. ஆனால் அங்கே நின்று வானத்தைப் பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்து நான்கு பெரிய விளக்குகள், எண்ணினேன், பொழுது சாய்ந்ததும் பிளாஸ்டிக் பானைக்கு வெளிச்சம் அடிக்கின்றன. அந்த வெள்ளியும் தெரியாது, அதன் பக்கத்து வெள்ளியும் தெரியாது. லயத்து வாசலிலிருந்தும் தெரியாது. முத்துவீரன் நான்கு வருஷம் நிறுத்துப் பார்த்த வானத்தை ஒரு ராத்திரியில் அணைத்துவிட்டார்கள். மின்சாரக் கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்றும் கேட்டேன்.

இன்னொன்று. மலையேற டிக்கெட் வேண்டும். உள்ளூர்க்காரருக்கு ஐந்நூறு ரூபாய். தகப்பன் பெயரைப் பார்க்க மகளுக்கும் டிக்கெட்டா என்று கேட்டேன். "இலவச பாஸ் சிஸ்டத்துல இல்ல அங்கிள்" என்றான் பையன், உண்மையாகவே வருத்தத்தோடு. பூமணி மாதம் ஒருமுறை ஏறுவேன் என்கிறாள். ஆகவே வருஷத்துக்குப் பன்னிரண்டு டிக்கெட் முன்கூட்டியே வாங்கி அவள் கையில் கொடுத்தேன். அதோடு பஸ், முத்திரை, பலகை, நானாவின் இரண்டாவது வரி, எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு, பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.