வயலுக்குப் போன பதிவேடு

இரண்டாயிரங்களின் நடுவில், அகதிகள் முகாம் ஒன்றில் மாதம் இருமுறை ஆள் கணக்கு எடுக்கும் வேலை எனக்கு வாய்த்தது. அட்டைதாரரை நேரில் பார்த்துக் கையொப்பம் வாங்க வேண்டும். ஆள் இல்லையென்றால் உதவித்தொகையும் அரிசியும் நிற்கும். நின்றதை மறுபடி ஓட வைக்க எத்தனை மேசை ஏற வேண்டும் என்பதை நான் உறக்கத்திலும் ஒப்பிப்பேன்.

அந்தப் புரட்டாசியில், கணக்கெடுப்புக்கு முந்தின நாள், முகாமிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் அலுவலகத்துக்கு வந்தார்கள். இலங்கையில், வன்னியில் வயல் வைத்திருந்தவர்கள். சண்டையில் ஊர் காலியானபோது, படகில் அவர்களோடு ஏறியது துணி மூட்டையும் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பயறு விதையும். மல்லாங்கிணற்றுப் பக்கம் இரண்டு ஏக்கர் கரிசலை, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்குப் பிடித்திருந்தார்கள். நிலத்துக்காரர் வெடி கம்பெனியில் போர்மேன். தீபாவளி சீசனில் அவருக்கு ஏர் கட்ட ஏது நேரம்?

"ஐயா, முந்தநாள் மழை பெய்திட்டுது. நாளைக்கு விதைக்க வேணும். நாளைக்குத்தான் பதிவும்" என்றார் கணவர்.

"விதைப்பை மறுநாள் வச்சுக்கங்க."

"மழை உங்கட நோட்டீசைப் பார்த்துப் பெய்யேல்லையே, ஐயா" என்றார் அந்த அம்மா.

கணவர் அவசரமாகக் குறுக்கிட்டார். "பத்துப் பயறை ஈரத்துணியில கட்டிப் பாத்தனான். ஆறுதான் முளைச்சது. போன வருசம் மழை இல்லை. இந்த முறையும் விட்டால் கறிக்குத்தான் உதவும். திரும்பிப் போகேக்க கையில விதை வேணும், ஐயா."

வழக்கம்போல் "மனு கொடுங்க" என்றேன். விதைப்பு நாளில் விலக்குக் கேட்டு ஆடியிலேயே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்த மனு அப்போது எந்தக் கோப்பின் அடியில் படுத்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அதனால் விதியை மறுபடி எடுத்துப் படித்தேன். நேரில் பார்க்க வேண்டும் என்றிருந்தது. எங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

"நானே வயலுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கிறேன், போங்க" என்றேன். அன்று முழுவதும் என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பியிருக்கலாம். ஆனால் பதிவேடு பீரோவில் இருந்தது. சாவி வைத்திருந்தவர் ஒன்பதரைக்கு வந்தார். பதிவேட்டை வெளியே கொண்டுபோக ஒரு பதிவு, நான் வெளியே போக இன்னொரு பதிவு. இரண்டையும் ஒழுங்காக எழுதிவிட்டு, பைக்கில் வயலை அடையும்போது பத்தரையைத் தாண்டிவிட்டது.

விதைப்பு பாதி முடிந்திருக்கும் என்று நினைத்துப் போனேன். ஒரு சால்கூட ஓடவில்லை. கணவர், அவருடைய தம்பி, மனைவி மூவரும் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, கையில் அட்டையோடு வரப்பில் வரிசையாக நின்றார்கள்.

"ஏன் இன்னும் விதைக்கல?"

"நீங்கள் வந்து பார்க்காமல் எப்பிடி ஐயா தொடங்கிறது? பதிவெல்லோ?" என்றார் கணவர்.

முகாமில் பெயர் கூப்பிடும்வரை வரிசையை விட்டு யாரும் அசையக் கூடாது. அப்படிப் பழக்கியவர்களில் நானும் ஒருவன்.

வாடகைக்கு வந்திருந்த உள்ளூர் ஏர்க்காரர், படுத்திருந்த மாட்டைத் தட்டி எழுப்பினார். "ஆறு மணியிலேர்ந்து இப்படியே நிக்காக சார். ஒரு சால் ஓட்டுவோம்னேன், கேட்டாத்தானே! அம்புட்டு ஈரமும் ஆவியாப் போச்சு. நீங்க இன்னும் செத்த கழிச்சு வந்திருந்தீகன்னா பொழுதே சாஞ்சிருக்கும்."

பைக் சீட்டில் பதிவேட்டை விரித்துக் கையெழுத்து வாங்கினேன். அந்த அம்மா பேனாவைத் திருப்பித் தந்த வேகத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏருக்குப் பின்னால் ஓடினார்.

அடுத்த கணக்கெடுப்பன்று வயலைப் போய்ப் பார்த்தேன். முதலில் விதைத்த மேற்குப் பக்கம் பயிர் அடர்த்தியாக இருந்தது. கிழக்கே போகப்போக அடர்த்தி குறைந்து, கடைசிச் சால்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. சாவிக்காகக் காத்திருந்த நேரத்தை மண்ணில் அவ்வளவு துல்லியமாக வேறு எவரும் குறித்து வைத்திருக்க முடியாது. பறித்து முடித்தபோது டின் நிறைந்தது, வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு சாக்கும் தேறியது. மேற்குப் பக்கம் போலவே முழுக்க முளைத்திருந்தால் இரண்டு சாக்கு என்றார் ஏர்க்காரர். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆடியில் கொடுத்த மனு தையில் என் மேசைக்கே வந்தது, என் கருத்தைக் கேட்டு.

மறு வருடமும் விதைப்பும் பதிவும் ஒரே நாளில் வந்தன. இந்த முறை பதிவேட்டை முந்தின நாளே எடுத்து வைத்துக்கொண்டு ஏழு மணிக்குப் போனேன். ஏர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூப்பிட்டேன்.

"சால் முடியட்டும் ஐயா, நில்லுங்கோ!" என்றார் அந்த அம்மா, திரும்பாமலே.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வரப்பில் நின்றேன்.