அம்மாவின் தங்க ஊசி

நகத்தில் தங்கம் தேடிய முட்டாள், ஆவடியில் நான் ஒருவன்தான். நேற்று எனக்கு ஊசி போட நர்ஸ் ஸ்பிரிட் தடவியதும், அந்த வாசனை என்னை எழுபதுகளுக்கே இழுத்துப் போனது.

அப்போது காலையில் அம்மாவால் கரண்டிகூடப் பிடிக்க முடியாது. தொழிற்சாலையில் எட்டு மணிச் சங்கு ஊதிய பிறகுதான் விரல்கள் மடங்கும். வாயு என்றார்கள் குவார்ட்டர்ஸ்காரர்கள். தொழிற்சாலை ஆஸ்பத்திரி டாக்டரம்மா மட்டும் சங்கு விஷயத்தைக் காதுகொடுத்துக் கேட்டார். ரத்தம் சோதித்து, "வாயு இல்லம்மா, முடக்குவாதம்" என்று சொல்லி, அந்தக் காலத்தில் அதற்கு மருந்தாக இருந்த தங்கச் சத்து ஊசியை வாரந்தோறும் போட்டார்.

சில மாதம் போனதும், ஊசியில் ஏறிய தங்கம் நகத்தில் இறங்கியிருக்கும் என்று, அம்மா வெட்டிப்போட்ட நகங்களைப் பத்தரிடம் உரசிப் பார்க்கக் கொடுத்தேன். மறுநாள் விடிகாலையிலேயே பால் பூத்துக்கு வந்த அம்மாவிடம் பத்தர் போட்டுக்கொடுத்துவிட்டார். சங்கு ஊத இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அம்மாவின் விரல்கள் மடங்கி என் காதைத் திருகின.

"ஐயோ, வலிக்குதும்மா!"

"அப்போ ஊசி வேல செய்யுதுடா."